‘நாம்’ என்று பேசுகிற ஒரே தேவன்

பெரம்பூரில் நான் வளர்ந்த தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு அடுத்து வரும் திரித்துவ ஞாயிறன்று, அவித்த முட்டை ஒன்றைக் கைப்பையில் வைத்து வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்று மூன்று இருந்தும் முட்டை ஒன்றுதான் அல்லவா, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் அப்படித்தான் ஒரே தேவன் என்று, சிறுவயதில் எனக்குச் சொல்லித்தந்த அதே வார்த்தைகளில் சொன்னேன். முன்வரிசையில் இருந்த பையன் ஒருவன் கையை உயர்த்தி, “ஓட்டைத் தூக்கிப் போட்டுடுவோமே அக்கா, அப்போ அது யாரு?” என்று கேட்டான். அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வெள்ளைக்கரு முட்டையின் ஒரு பங்கு. அதை மட்டும் எடுத்துக் காட்டி ‘இதுதான் முட்டை’ என்று யாரும் சொல்வதில்லை. திருச்சபையோ, குமாரன் தேவனில் மூன்றில் ஒரு பங்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிதா முழுமையாகத் தேவன், குமாரன் முழுமையாகத் தேவன், பரிசுத்த ஆவியானவர் முழுமையாகத் தேவன், ஆயினும் தேவன் ஒருவரே என்பதே அதன் அறிக்கை. அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நான் நம்பிக்கொண்டிருந்தது எதை என்று என்னையே கேட்கத் தொடங்கினேன். அந்தத் தேடலில் நான் கண்டுகொண்ட தவறான புரிதல்களில் பெரும்பாலானவை, என் சபையிலும் சென்னையில் நான் போய்வந்த மற்றச் சபைகளிலும் அன்பான, பக்தியுள்ள மனிதர்கள் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பவை. அவற்றுள் சிலவற்றை நானே பிறருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

முட்டைக்கு அடுத்தபடியாக நம்மிடையே பரவலாக இருப்பது தண்ணீர் உவமை. பனிக்கட்டி, தண்ணீர், நீராவி மூன்றும் ஒரே பொருள்தான் என்று சொல்லும்போது தமிழர்களாகிய நமக்கு அது கூடுதல் பொருத்தமாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. கொதிக்கும் உலையிலிருந்து எழுவதும் ஆவி, நாம் தொழுகிறவரும் ஆவியானவர். சொல்லே உவமையை நோக்கி நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் ஒரே நீர் ஒரே வேளையில் பனிக்கட்டியாகவும் நீராவியாகவும் இருப்பதில்லை. ஒன்றாய் இருப்பதை விட்டுத்தான் இன்னொன்றாக ஆகிறது. ‘ஒரே மனிதர் வீட்டில் அப்பா, அலுவலகத்தில் அதிகாரி, சபையில் மூப்பர்’ என்ற உவமையிலும் இதே குறைதான் இருக்கிறது. தேவன் ஒருவரே, அவர் மூன்று வேடங்களில் தோன்றினார் என்ற கருத்தை மூன்றாம் நூற்றாண்டிலேயே சபேலியுஸ் என்பவரின் பெயரோடு சேர்த்துத் திருச்சபை விலக்கிவிட்டது. இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது யோர்தான் கரையில் நடந்ததைப் படித்தாலே அந்தக் கருத்து நிற்காது. குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், வானத்திலிருந்து, “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்ற சத்தம் கேட்கிறது. ஒருவரே மூன்று வேடம் பூண்டிருந்தால் அந்த வார்த்தையில் அன்பு என்று எதுவும் இருக்க முடியாது.

இந்தத் தவறு புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை, ஜெபத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. வீட்டு ஜெபக்கூட்டங்களில் கண்ணீரோடு ஜெபிக்கிற ஒருவர், “பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே” என்று சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நானும் அப்படி ஜெபித்திருக்கிறேன். சொன்னவரின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிலுவையில் மரித்தவர் பிதா என்றால், “பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்று இயேசு யாரிடம் சொன்னார்? கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பிராக்சியா என்ற ஒருவரோடு வாதிடும்போது, அவர் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார் என்று கடிந்து எழுதியது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1,800 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பிழை நம் கூடத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிறது.

உவமைகள் என்னைக் கைவிட்டபோது எனக்கு உதவியது நம்முடைய தமிழ் வேதாகமத்தின் இலக்கணம். இதை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. ஓர் இரவு யோவான் சுவிசேஷத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்” என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ‘ஒருவராயிருக்கிறோம்’ என்று அங்கே இல்லை. கிரேக்க மூலத்திலும் அந்த இடத்தில் இருப்பது ஆண்பாற் சொல் அன்று, ‘ஒன்று’ என்று பொருள்படும் அஃறிணைச் சொல்தான். தெர்த்துல்லியனும் இலத்தீனில் இதே வேறுபாட்டைத்தான் சுட்டிக்காட்டினார். ‘யார்’ என்று கேட்டால் பிதா ஒருவர், குமாரன் ஒருவர். ‘எது’ என்று கேட்டால் ஒன்று. உயர்திணையையும் அஃறிணையையும் குழந்தைப் பருவத்திலேயே பிரித்துப் பேசப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு அந்நியமானது அன்று.

இன்னொன்றும் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும்போது ‘நாம்’ என்கிறோம், கேட்பவரை விலக்கிச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்கிறோம். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் இந்த வேறுபாடு இல்லை. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் தமிழில் பெயர்த்தவர்கள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. யோவான் 17ஆம் அதிகாரத்தில், கைது செய்யப்படுவதற்கு முந்தைய ஜெபத்தில், குமாரன் பிதாவை நோக்கி, “நாம் ஒன்றாயிருக்கிறதுபோல அவர்களும் ஒன்றாயிருக்கும்படி” என்கிறார். அந்த ‘நாம்’ என்ற சொல்லுக்குள் பேசுகிறவரும் இருக்கிறார், கேட்கிறவரும் இருக்கிறார். தன்னோடு தானே பேசிக்கொள்கிற ஒருவர் அப்படிச் சொல்ல முடியாது. ஆதியாகமத்தில், “நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும் மனுஷனை உண்டாக்குவோமாக” என்று வருகிற ‘நமது’ என்ற சொல்லையும் நான் இப்போது நின்று படிக்கிறேன். ஆனால் அந்த ஒரு வசனத்தை வைத்துத் திரித்துவத்தை நிறுவிவிடலாம் என்று சொல்லத் துணிய மாட்டேன். தேவன் தம் பரலோக சபையை நோக்கிச் சொன்னது அது என்று வாசிப்பவர்களும் உண்டு, அவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. யோவான் 17இல் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

இலக்கணத்தையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்பதை இங்கேயே சொல்ல வேண்டும். ‘அண்ணன் தம்பி எல்லாரும் ஒன்றாயிருக்கிறார்கள்’ என்றால் தமிழில் அவர்கள் சண்டையில்லாமல் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒத்த மனமுள்ள மூன்று தெய்வங்கள் என்ற எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் விழுந்துவிடுவோம். ஆகையினால்தான் 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்கள், வேதாகமத்தில் இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லைத் துணிந்து எடுத்துக்கொண்டு, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். நம்முடைய ‘திரித்துவம்’ என்ற சொல் மூன்றை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. நம் பெரியவர்கள் ஜெபத்தில் சொல்லும் ‘திரியேக தேவன்’, கத்தோலிக்கர் சொல்லும் ‘மூவொரு கடவுள்’ ஆகிய இரண்டிலும் மூன்றும் ஒன்றும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் அவையே எனக்கு அதிகம் பிடிக்கின்றன.

‘மூன்று ஆட்கள்’ என்ற வழக்கும் நம்மை இடறச் செய்கிறது. தமிழில் மூன்று ஆட்கள் என்றால் மூன்று உடல், மூன்று மனம், மூன்று தனி வாழ்க்கை என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியது அன்று. பழங்காலத் திருச்சபையின் ஆசிரியரான அகுஸ்தீனு, ‘ஆள்’ என்பதற்கான தம் இலத்தீன் சொல்லைப் பற்றியே, அது முழுமையாகச் சொல்லிவிடுகிறது என்பதற்காக அன்று, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அதைப் பயன்படுத்துகிறோம் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பணிவு எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்றல்லவா என்று கேட்பவர்களுக்கு, ஒன்றை ஒன்றால் இருமுறை பெருக்கினால் ஒன்றுதானே என்று நம் இளைஞர்கள் பதில் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அது கேட்பவரின் வாயை அடைக்கும், ஆனால் எதையும் விளக்காது. அந்தக் கணக்கில் ஆயிரம் ஒன்றுகளைப் பெருக்கினாலும் ஒன்றுதான் வரும். ஒரே வகையில் மூன்று, அதே வகையில் ஒன்று என்று சொன்னால்தான் முரண்பாடு. திருச்சபை ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை.

அண்ணா சாலையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், இஸ்லாமியச் சகோதரர் ஒருவர் மதிய உணவு வேளையில் மிகுந்த மரியாதையோடு, “உங்க வேதத்துல மூணு பேரும் ஒண்ணுன்னு எங்கே எழுதியிருக்கு?” என்று கேட்டார். நான் தயங்காமல் 1 யோவான் 5:7ஐச் சொன்னேன். “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்” என்று தொடங்கும் அந்த வசனம் சிறுவயதிலிருந்தே எனக்கு மனப்பாடம். பக்கத்து மேசையில் இருந்த கத்தோலிக்கத் தோழி மறுநாள் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த, 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பைத் திறந்து பார்த்தோம். ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்று சாட்சிகள் இருந்தன, பரலோகத்துச் சாட்சிகளைப் பற்றிய பகுதி இல்லை. எனக்குக் காலடியில் நிலம் நழுவியது போல இருந்தது. பிறகுதான் அறிந்தேன்: அந்தப் பகுதி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, இலத்தீன் மரபின் வழியாக வந்தது. எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு 1522ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார். அதன் பின்வந்த பதிப்புகளின் வழியாக அது பல மொழிகளுக்குள்ளும் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக்குள்ளும் வந்து சேர்ந்தது.

இந்த உண்மையைச் சபையில் சொன்னால் விசுவாசம் குலைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களை நான் அறிவேன். என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. நான்காம் நூற்றாண்டில் குமாரனுடைய தெய்வத்தன்மைக்காக அத்தனாசியுஸும், செசரியாவின் பசீலியுஸும், நாசியான்சுவின் கிரகோரியும் ஆகிய ஆயர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்களே, அவர்களில் ஒருவரும் இந்த வசனத்தைச் சான்றாகக் காட்டவில்லை. அது இல்லாமலேதான் முழுச் சுவிசேஷத்திலிருந்தும் நிருபங்களிலிருந்தும் அவர்கள் பேசினார்கள். ஆகவே அந்தச் சகோதரரிடம் போய், நான் காட்டிய வசனம் சரியான சான்று அன்று என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னை இன்னும் கூடுதலான மரியாதையோடு நடத்தினார்; பேச்சும் அன்றுதான் உண்மையில் தொடங்கியது.

கான்ஸ்டன்டைன் பேரரசர்தான் திரித்துவத்தை உண்டாக்கினார் என்ற பேச்சு இப்போது கிறிஸ்தவ இளைஞர்களிடமும் கைப்பேசி வழியாகப் பரவியிருக்கிறது. பேரரசர் நிசேயாச் சங்கத்தைக் கூட்டினார் என்பது மெய். ஆனால் ‘திரித்துவம்’ என்பதற்கான இலத்தீன் சொல்லைத் தெர்த்துல்லியன் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டார். நிசேயாவின் அறிக்கையில் ஆவியானவரைப் பற்றி ஒரு சிறு வரிதான் இருக்கிறது. அது விரிவடைந்தது 381இல், கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தில். 337இல் மரணத்தறுவாயில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரோ, குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்லர் என்று வாதிட்ட ஆரியுஸின் பக்கம் சாய்ந்திருந்த ஆயர். நிசேயாவைக் காத்து நின்ற அத்தனாசியுஸ் பேரரசர்களால் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரசனின் விருப்பத்துக்காகப் பிறந்த கோட்பாடு என்றால் அரசர்கள் அதைக் காத்தவரை ஏன் துரத்த வேண்டும்?

ஆரியுஸ் சொன்னதை இன்றும் நம்மில் பலர் அறியாமலே நம்புகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். மகன் என்றால் அப்பாவுக்குப் பிறகு வந்தவர்தானே, அப்பாவுக்கு ஒரு படி கீழே நிற்பவர்தானே என்று நம் குடும்ப வழக்கத்திலிருந்தே எண்ணிக்கொள்கிறோம். குமாரன் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்பதே அலெக்சாந்திரியாவின் மூப்பராயிருந்த ஆரியுஸின் வாதம். ஆனால் நம் குடும்ப வழக்கத்தையே இன்னும் சற்று ஆழமாக எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் எப்போது அப்பா ஆகிறார்? பிள்ளை பிறந்த அன்று. அதற்கு முந்தின நாள் அவர் வெறும் மனிதர்தான். தேவன் ஏதோ ஒரு நாளில் பிதாவானவர் அல்லர், அவர் என்றென்றும் பிதா என்றால், குமாரனும் என்றென்றும் இருந்தாக வேண்டும். இதைத்தான் அத்தனாசியுஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். கத்தோலிக்கரின் தமிழ் விசுவாச அறிக்கையில் இது, ‘உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்’ என்று எவ்வளவு அழகாக அமைந்திருக்கிறது! விளக்கிலிருந்து ஒளி உதிக்கிறது. விளக்கு எரியத் தொடங்கி வெகுநேரம் கழித்து ஒளி வருவதில்லை. “என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்” என்று இயேசு சொன்னாரே என்பார்கள். அடிமையின் ரூபமெடுத்துத் தம்மைத் தாழ்த்தினவர், சிலுவைக்குப் போகும் இரவில், பிதாவினிடத்துக்குத் திரும்பிப் போவதைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. அதே சுவிசேஷத்தின் முடிவில், “என் ஆண்டவரே! என் தேவனே!” என்ற தோமாவின் வார்த்தையை அவர் மறுக்கவில்லை. தேவன் ஒருவரே என்று நாள்தோறும் சொல்லி வளர்ந்த ஒரு யூதரின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அந்தத் தோமா இரத்தம் சிந்தியதாக மரபு சொல்லும் பரங்கிமலைப் படிகளில் ஏறும்போதெல்லாம் எனக்கு அவருடைய சந்தேகம் நினைவுக்கு வருவதில்லை, அந்த அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது.

பிதா படைத்தார், குமாரன் மீட்டார், ஆவியானவர் பரிசுத்தமாக்குகிறார் என்று வேலையை மூன்று துறைகளாகப் பங்கிட்டுவிடுவதும் நம் ஊரில் எளிதாக நடக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல் என்று மும்மூர்த்திகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த மண்ணில் இது இயல்பே; ஆயினும் இரண்டும் ஒன்று அல்ல. நீசாவின் கிரகோரி இதற்கு ஒரு தெளிவான விடை வைத்திருந்தார்: மூன்று மனிதர் ஒரே தொழிலைச் செய்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்கிறார்கள், தேவனிடத்திலோ ஒவ்வொரு செயலும் பிதாவிடமிருந்து புறப்பட்டு, குமாரன் வழியாய், ஆவியானவரில் நிறைவேறுகிற ஒரே செயல். பழைய ஏற்பாட்டில் கோபமுள்ள பிதா, புதிய ஏற்பாட்டில் அன்புள்ள இயேசு என்று பிரிப்பதோ இதைவிடப் பெரிய தவறு. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் அப்படிப் பிரித்தபோதே உரோமைச் சபை அவரை விலக்கியது.

எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது ஆவியானவரைப் பற்றிய தவறான எண்ணம். ஆவி என்ற சொல் தமிழில் அஃறிணை. ஆவியானவர் என்று மரியாதையோடு சொன்னாலும், மனத்துக்குள் அவரை மின்சாரத்தைப் போல ஒரு வல்லமையாகவே வைத்திருக்கிறோம். எவ்வளவு இறங்கியது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று அளவு பார்க்கிறோம். துக்கப்படுத்தக் கூடியவர், தடை செய்கிறவர், பேசுகிறவர் என்று வேதம் சொல்வதை மறந்துவிடுகிறோம். “தேவனுடைய பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள்” என்று பவுல் எழுதினார். மின்சாரத்தை யாரும் துக்கப்படுத்த முடியாது.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன நாள்களில், மருத்துவமனைக்கு வந்து பார்த்த ஒருவர், அம்மாவிடம் ஆவியின் வல்லமை குறைந்துவிட்டது என்றும், அவரே வாய்திறந்து கேட்டால்தான் அது திரும்பி வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்டது. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. 50 ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபித்தவர் அவர். அன்று இரவு நான் ரோமர் 8ஆம் அதிகாரத்தை அவருக்குப் படித்தேன். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதிருக்கும்போது, “ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்” என்று அங்கே இருக்கிறது. அதே அதிகாரத்தில் சில வசனங்களுக்குப் பின், தேவனுடைய வலதுபாரிசத்தில் இருக்கிற கிறிஸ்துவும் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்றும், அதற்கு முன்னே, ‘அப்பா பிதாவே’ என்று கூப்பிடச் செய்கிற ஆவியை நாம் பெற்றிருக்கிறோம் என்றும் இருக்கிறது. பேச முடியாத என் அம்மாவின் கட்டிலைச் சுற்றி ஜெபம் நின்றுபோகவில்லை. அவருக்குள் இருந்து ஆவியானவர் வேண்டிக்கொண்டிருந்தார், குமாரன் பரிந்து பேசிக்கொண்டிருந்தார், பிதா கேட்டுக்கொண்டிருந்தார். ஆவியானவர் வெறும் வல்லமை என்றால், குமாரன் பிதாவின் இன்னொரு வேடம் என்றால், அந்த அறையில் என் அம்மா தனியாகத்தான் கிடந்திருப்பார்.

அம்மா அதன்பின் 11 மாதங்கள் இருந்தார், பேச்சு திரும்பவில்லை. ஒவ்வோர் இரவும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எனக்குக் கற்றுத்தந்த ஜெபத்தைச் சொல்வேன். “இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், நல்ல பிதாவே” என்று முடிக்கும்போது அவர் உதடுகள் அசையும். இப்போது திரித்துவ ஞாயிறன்று வகுப்புக்கு நான் முட்டை கொண்டுபோவதில்லை. அந்த ஒரு வரியைப் பலகையில் எழுதி, இந்த ஜெபம் யாரிடத்தில் போகிறது, யாருடைய நாமத்தில் போகிறது, அதைச் சொல்ல நமக்குள்ளிருந்து தூண்டுகிறவர் யார் என்று கேட்கிறேன். பிறகு யோவான் 17ஐத் திறக்கச் சொல்லி, ‘நாம்’, ‘நம்மில்’ என்று வருகிற இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிடச் சொல்கிறேன். 21ஆம் வசனத்தில், “அவர்களெல்லாரும் நம்மில் ஒன்றாயிருக்கவும்” என்ற இடத்துக்கு வரும்போது, அந்த ‘அவர்கள்’ யார் என்று கேட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளும் வரைக்கும் காத்திருக்கிறேன்.